அனுபவத்தைக் காக்கும் அறக்கட்டளை: அமெரிக்கத் தூதர்களின் இரண்டாம் பணிக்காலம்

ஒரு நாட்டின் வெளியுறவுப் பணிக்குச் சொந்தமான செல்வம் எதுவென்று கேட்டால், தலைநகரங்களில் எழுந்து நிற்கும் தூதரகக் கட்டடங்களையும் காப்பகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் ஒப்பந்தங்களையும் விட, எந்த அமைச்சரிடம் எதை எப்போது பேசலாம், எந்த மௌனத்துக்கு என்ன பொருள், எந்த வாக்குறுதி நிற்கும், எது நிற்காது என்பதை முப்பது ஆண்டுகள் உழைத்துத் தெரிந்துகொண்ட மனிதர்களையே முதலில் சொல்ல வேண்டும். அந்த அறிவு கோப்புகளில் பாதிகூட ஏறுவதில்லை. அதைச் சுமந்தவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு அதுவும் அலுவலகத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. அதை முழுவதுமாக இழந்துவிடாமல் பயன்படுத்திக்கொள்ளும் வழி என்ன என்ற கேள்விக்கு அமெரிக்காவில் உருவான விடைகளில் ஒன்று, அரசு சாராத ஒரு தனியார் அறக்கட்டளையும், அதற்கு வழிகாட்டும் மூத்த தூதர்களின் குழுவும் ஆகும். ஊனா சாப்மன் காக்ஸ் அறக்கட்டளை என்னும் அந்த அமைப்பின் பெயர் அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆனாலும், கடந்த 40 ஆண்டுகளில் அந்நாட்டின் வெளியுறவுப் பணியைப் பற்றி நடந்த முக்கியமான விவாதங்கள் சிலவற்றின் பின்னணியில் அதன் பணமும் அதன் ஆலோசகர்களின் உழைப்பும் இருந்துள்ளன.

அறக்கட்டளை 1980-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய கார்பஸ் கிறிஸ்டி நகரைச் சேர்ந்த செல்வந்தரான ஊனா சாப்மன் காக்ஸ் என்ற பெண்மணி, அரசியலிலோ அரசுப் பதவியிலோ இருந்தவர் அல்லர். இந்தியாவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது பாஸ்போர்ட் தொடர்பான சிக்கல் ஒன்றில் அவர் மாட்டிக்கொண்டதாகவும், இளம் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் அப்போது செய்த உதவியை அவர் மறக்காததே பிற்காலத்தில் இந்தக் கொடைக்கு வித்திட்டது என்றும் அறக்கட்டளையின் தோற்றம் பற்றிச் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடை வழங்கும் செல்வந்தர்களை எல்லா நாட்டிலும் காணலாம்; அரசு ஊழியர்களின் ஒரு குறிப்பிட்ட பிரிவினருடைய தொழில்திறனை வளர்ப்பதற்கென்றே தனிச் சொத்தை எழுதிவைத்தவர்கள் மிகச் சிலரே.

அத்தகைய கொடையைச் செலவிடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வெளியுறவுப் பணிக்கு எது தேவை என்பதை வெளியில் இருக்கும் அறங்காவலர்களால் எளிதில் கணிக்க முடியாது. பணியில் இருக்கும் அதிகாரிகளோ தம் துறையின் குறைகளை வெளிப்படையாகப் பேசும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே, பல நாடுகளில் தூதர்களாக இருந்தவர்களும் துறையின் உயர் பொறுப்புகளை வகித்தவர்களும் கொண்ட கொள்கைக் குழுவொன்று அறங்காவலர்களுக்கு ஆலோசனை வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. எந்த ஆய்வுக்கு நிதி தருவது, எந்தப் பயிற்சியை முன்னெடுப்பது, எந்தப் பிரச்சினை இப்போது எழுப்பப்படாவிட்டால் இன்னும் பத்தாண்டுகளுக்கு எழாமலே போய்விடும் என்பதைத் தீர்மானிக்க அவர்களுடைய தொழில் அனுபவமே அளவுகோலாகிறது.

அமெரிக்காவில் இத்தகைய ஆலோசகர்களுக்குப் பஞ்சம் இல்லாமல் போனதற்கு அந்நாட்டுச் சட்டமே ஒரு காரணம். 1924-ஆம் ஆண்டின் ரோஜர்ஸ் சட்டம், அதுவரை தனித்தனியாக இயங்கிய தூதுப் பணியையும், வணிகர்கள், மாலுமிகள், பயணிகள் ஆகியோரின் நலனைக் கவனித்துவந்த துணைத் தூதரகப் பணியையும் ஒன்றாக இணைத்து, தேர்வின் வழியே நுழைந்து தகுதியின்படி உயரும் ஒரே தொழில்முறைப் பணியை உருவாக்கியது. அறக்கட்டளை பிறந்த அதே 1980-இல் நிறைவேறிய வெளியுறவுப் பணிச் சட்டம் அதன் இன்றைய வடிவத்தை வகுத்தது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அடுத்த நிலைக்கு உயராதவர் பணியை விட்டு விலக வேண்டும் என்ற விதி, ராணுவத்தைப் போலவே இங்கும் உண்டு. 20 ஆண்டு பணியை முடித்து 50 வயதைத் தொட்டவர் ஓய்வூதியத்துடன் விலகலாம். 65 வயதில் ஓய்வு கட்டாயம். ஐம்பதுகளின் நடுவில், அறிவும் உடல்வலிமையும் குறையாத நிலையில், நான்கைந்து நாடுகளின் அரசியலை உள்ளிருந்து பார்த்த ஒருவர் வாஷிங்டனில் வீட்டில் இருக்க நேர்வது இவ்விதிகளின் இயல்பான விளைவு. அவர்களில் சிலர் தனியார் நிறுவனங்களுக்குச் செல்கின்றனர், சிலர் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கின்றனர். ஒரு சாரார், தாம் விட்டுவந்த பணியின் நலனையே தம் இரண்டாம் வேலையாக எடுத்துக்கொள்கின்றனர்.

அவ்வாறானவர்கள் ஒன்றுகூடிய இடங்கள் மூன்றைக் குறிப்பிடலாம். 1924-இல் தோன்றிய அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் சங்கம், பணியில் உள்ளோருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் பொதுவான தொழில்முறை அமைப்பு. 1983-இல் எல்ஸ்வர்த் பங்கர், அலெக்சிஸ் ஜான்சன், ஜான் மெக்லாய் ஆகிய மூத்தவர்கள் நிறுவிய அமெரிக்க ராஜதந்திர அகாதமி, உயர் பதவிகளில் இருந்தோர் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு உறுப்பினராகும் சிறு அமைப்பு. மூன்றாவது, 1986-இல் தோன்றிய ராஜதந்திர ஆய்வு மற்றும் பயிற்சிச் சங்கம். காக்ஸ் அறக்கட்டளை இவற்றுக்குப் போட்டியாக நிற்காமல், பெரும்பாலும் இவற்றின் வழியாகவே தன் நிதியைச் செலுத்தி வந்திருப்பதால், அதன் ஆலோசகர்களின் கருத்துகள் அறிக்கைகளாகவும் சட்ட முன்மொழிவுகளாகவும் வேறு பெயர்களிலேயே பொதுவெளிக்கு வந்தன.

நாற்காலிகளை எண்ணிய அறிக்கை

இந்த ஏற்பாடு மிகத் தெளிவாகப் பயன் தந்த நிகழ்வு 2008-இல் நடந்தது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பனிப்போர் முடிந்த 1990-களில் அமெரிக்க வெளியுறவுத் துறை, ஓய்வுபெற்றுச் செல்வோரின் எண்ணிக்கைக்கு ஈடாகக்கூடப் புதியவர்களைச் சேர்க்கவில்லை. அதே காலத்தில்தான் சோவியத் ஒன்றியம் சிதறி, அதன் இடத்தில் தோன்றிய புதிய நாடுகளில் எல்லாம் தூதரகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்குத் தேவையான ஆட்கள் புதிதாக எடுக்கப்படாமல், பிற தூதரகங்களிலிருந்து பிடுங்கி அனுப்பப்பட்டனர். ராணுவத்தில் வளர்ந்து வெளியுறவுச் செயலராக, அதாவது நம் வழக்கில் வெளியுறவு அமைச்சராக, 2001-இல் பொறுப்பேற்ற கோலின் பவல் இதைச் சீர்செய்யத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் பணியிடங்களை உருவாக்கினார். அந்த ஆட்களை இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் தேவை விழுங்கிவிட, பழைய பற்றாக்குறை மீண்டும் தலைதூக்கியது.

நிலைமையின் தீவிரத்தை நாடறியச் சொன்னவர் ஒரு ராஜதந்திரி அல்லர், பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ். 2007 நவம்பரில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அமெரிக்காவின் தொழில்முறை வெளியுறவு அதிகாரிகள் மொத்தம் சுமார் 6,600 பேர்தான் என்றும், ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல் தாக்குதல் அணியை இயக்கத் தேவைப்படும் ஆட்களைவிட அது குறைவு என்றும் அவர் சுட்டிக்காட்டினார். தன் துறைக்குக் கேட்காமல், பக்கத்துத் துறைக்குப் பணம் கொடுங்கள் என்று ஒரு பாதுகாப்புச் செயலர் வேண்டியது அரிய காட்சி.

ஆயினும், ஆள் போதவில்லை என்று முறையிடுவது வேறு, எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குக் காட்டுவது வேறு. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் காக்ஸ் அறக்கட்டளை நிதியளித்தது. ராஜதந்திர அகாதமியும், வாஷிங்டனில் உள்ள ஸ்டிம்சன் மையம் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வுக்கு முன்னின்றவர் தாமஸ் பாயட். கொலம்பியாவில் தூதராக இருந்தவர். 1974-இல் சைப்ரஸ் நாட்டுக்கான பிரிவைக் கவனித்தபோது, கிரேக்க ராணுவ ஆட்சி அந்தத் தீவில் கவிழ்ப்பு முயற்சியில் இறங்கும் என்று மேலிடத்தை முன்கூட்டியே எச்சரித்து, அந்த எச்சரிக்கை ஏற்கப்படாமல் போனதைக் கண்ணெதிரே கண்டவர். அவரும் அவருடைய சகாக்களும் துறையின் பணிகளை வகைவகையாகப் பிரித்தனர். அயல்நாட்டு அரசுகளுடன் பேசுதல், அயல்நாட்டு மக்களுடன் தொடர்பு கொள்ளுதல், பொருளாதார உதவி வழங்குதல், போரால் சிதைந்த நாடுகளை மீட்டெடுத்தல் என ஒவ்வொன்றுக்கும் இப்போது எத்தனை நாற்காலிகள் உள்ளன, எத்தனை காலியாகக் கிடக்கின்றன, 2014-க்குள் எத்தனை வேண்டும் என்று எண்ணிக் காட்டினர். கூட்டித் தந்த தொகை 4,735 கூடுதல் பணியிடங்கள்; அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட வேண்டியவை.

அறிக்கை 2008 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் வெளியானது. வெற்றி பெறுபவர் எந்தக் கட்சியினராக இருந்தாலும் முதல் நிதிநிலை அறிக்கையைத் தயாரிக்கும்போது மேசையில் அது இருக்கும் வகையில் காலம் குறிக்கப்பட்டது. அரசு எந்திரத்தின் நாள்காட்டியை அறிந்தவர்களால் மட்டுமே இப்படித் திட்டமிட முடியும் என்பதால், அறிக்கையின் உள்ளடக்கத்துக்கு இணையாக இந்தக் காலக்கணிப்பையும் மூத்த தூதர்களின் பங்களிப்பாகக் கொள்ள வேண்டும். 2009-இல் ஹிலாரி கிளிண்டன் தலைமையில் வெளியுறவுத் துறை, வெளியுறவுப் பணியாளர் எண்ணிக்கையை 25 விழுக்காடு உயர்த்தும் இலக்குடன் பெரும் ஆட்சேர்ப்பைத் தொடங்கியது. கேட்ஸின் குரல், புதிய ஆட்சியின் விருப்பம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சம்மதம் எல்லாம் கூடி வந்ததால்தான் அது நடந்தது. ஆனால் அவை கூடி வந்த வேளையில் தயாராக ஒரு கணக்கு கையில் இருந்தது. ஓரிரு ஆண்டுகளில் நிதி நெருக்கடி குறுக்கிட்டதால் ஆட்சேர்ப்பு வேகம் குறைந்து, அறிக்கை கேட்டது முழுமையாகக் கிடைக்காமலே போயிற்று.

தமிழ் கற்க 44 வாரங்கள்

அறிக்கையில் பயிற்சிக்கென ஆயிரம் இடங்களுக்கு மேல் கேட்கப்பட்டது வெளியாருக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம். அமெரிக்க வெளியுறவுப் பணிக் கழகம், அதாவது அந்நாட்டு அதிகாரிகளுக்கு மொழியும் தொழிலும் கற்பிக்கும் அரசுப் பயிற்சி நிறுவனம், உலக மொழிகளை ஆங்கிலம் பேசுவோருக்கு அவை எவ்வளவு கடினம் என்பதைக் கொண்டு வகைப்படுத்தியுள்ளது. ஸ்பானிய மொழிக்குச் சில மாதங்கள் போதும். தமிழ், இந்தி, ரஷ்யன், துருக்கி போன்றவற்றுக்குச் சுமார் 44 வாரங்கள், ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிகள். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் ஆகியவற்றுக்கு இதைப்போல் இரு மடங்கு, 88 வாரங்கள். சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்துக்கோ கொழும்புத் தூதரகத்துக்கோ தமிழறிந்த ஓர் அதிகாரி வேண்டுமென்றால், ஏறத்தாழ ஓராண்டுக்கு அவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் வகுப்பில் உட்கார வேண்டும்.

அந்த ஓராண்டில் அவர் பார்க்க வேண்டிய வேலையை யார் பார்ப்பது என்பதே கேள்வி. அமெரிக்க ராணுவம் தன் ஆட்களில் ஒரு பங்கினர் எப்போதும் பயிற்சியில் இருப்பர் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கூடுதல் ஆட்களை வைத்துக்கொள்கிறது. பவல் இந்தப் பழக்கத்தைத்தான் வெளியுறவுத் துறைக்குக் கொண்டுவர முயன்றார். அத்தகைய கூடுதல் ஆட்கள் இல்லாத துறையில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் எங்கோ ஒரு நாற்காலி காலியாகும். அது காலியாகக் கூடாது என்று தூதர் வற்புறுத்தினால் பயிற்சி பாதியில் நிற்கும், மொழி தெரியாதவர் அங்கே போய் இறங்குவார். மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் அமைச்சரைச் சந்தித்துவிடலாம். ஆனால் தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் மக்கள் தம் அரசைப் பற்றி என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை அறிய அந்த உதவி போதாது.

காக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் அகாதமியும் ஸ்டிம்சன் மையமும் 2011-இல் வெளியிட்ட அடுத்த அறிக்கை, இந்தப் பயிற்சிப் பிரச்சினையை மட்டுமே எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏராளம், அவர்களுக்குக் கற்றுத்தர நடு நிலையில் போதிய மூத்தவர்கள் இல்லை என்பதே அதன் கவலை. 1990-களில் ஆட்சேர்ப்பு நின்றுபோன பள்ளம், இருபது ஆண்டுகள் கழித்து நடு நிலை அதிகாரிகளின் பற்றாக்குறையாக வெளிப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; இப்பணியில் ஓராண்டு செய்யும் சிக்கனத்தின் விலை உடனே தெரிவதில்லை. 2020-இல் நிக்கலஸ் பர்ன்ஸ், மார்க் கிராஸ்மன், மார்சி ரீஸ் ஆகிய மூன்று முன்னாள் தூதர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட அறிக்கையும் 15 விழுக்காடு பயிற்சி இருப்பு வேண்டும் என்றே கேட்டது. பத்தாண்டுகளாக வெவ்வேறு மூத்தவர்கள் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வைக்க நேர்ந்தது வருந்தத்தக்கது. எனினும் கோரிக்கை உயிரோடு இருப்பதே அவர்களால்தான். வெளியுறவுச் செயலர்களின் பதவிக்காலம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை, துறையின் நிர்வாகப் பிரச்சினைகளோ அதைவிட நீண்ட ஆயுள் கொண்டவை.

பணியில் இருப்போர் சொல்ல முடியாதவை

அறக்கட்டளை நெடுங்காலம் நடத்திவந்த இன்னொரு திட்டம் அளவில் சிறியது. மூத்த அதிகாரி ஒருவரை அன்றாட அலுவலிலிருந்து ஓராண்டுக்கு விடுவித்து, தாமே தேர்ந்துகொண்ட ஒரு பொருளை ஆராய்ந்து எழுத வசதி செய்து தரும் ஓய்வாண்டு நல்கை அது. தந்திகளுக்கும் கூட்டங்களுக்கும் நடுவே வாழ்க்கையைக் கழிக்கும் ஓர் அதிகாரிக்கு, தான் செய்த வேலையைத் தள்ளி நின்று சிந்திக்கக் கிடைக்கும் ஓராண்டின் அருமையை, அதே வாழ்க்கையை வாழ்ந்த ஆலோசகர்கள் அறிந்திருந்தனர்.

ராஜதந்திர ஆய்வு மற்றும் பயிற்சிச் சங்கம் மேற்கொண்ட வேலை இதைவிடப் பெரியது. சார்லஸ் ஸ்டூவர்ட் கென்னடி என்ற ஓய்வுபெற்ற துணைத் தூதரக அதிகாரி 1980-களின் நடுவில் ஒலிப்பதிவுக் கருவியுடன் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம், 2022-இல் அவர் மறைவதற்குள் 2,500-க்கும் மேற்பட்ட நேர்காணல்களாக வளர்ந்திருந்தது. ஓர் அதிகாரி பிறந்த ஊரில் தொடங்கி, தேர்வு எழுதியது, முதல் நாட்டில் விசா மேசையில் உட்கார்ந்தது, தூதருடன் கருத்து மாறுபட்டது, போரில் தூதரகத்தைக் காலி செய்தது என வாழ்க்கை முழுவதையும் அவரைப் போன்றே பணியாற்றிய இன்னொருவர் கேட்டு வாங்குகிறார். தொழில் தெரிந்தவர் கேட்பதால் பதில்கள் பொத்தாம்பொதுவாக நின்றுவிடுவதில்லை. இந்நேர்காணல்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பிலும் இடம்பெற்று, யாரும் படிக்கக் கிடைக்கின்றன. தெற்காசிய வரலாற்றை எழுதுவோருக்கு அது ஒரு சுரங்கம்.

அத்தொகுப்பில் நேர்காணல் தந்தவர்களுள் ஆர்ச்சர் பிளட்டும் ஒருவர். 1971-இல் டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவராக இருந்த அவர், கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவம் மார்ச் மாத இறுதியில் தொடங்கிய படுகொலைகளை நேரில் கண்டு வாஷிங்டனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். சீனாவுடன் உறவைத் தொடங்கப் பாகிஸ்தானைத் தூதுப்பாதையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த அதிபர் நிக்சனும் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் அதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்து 20 அமெரிக்க அதிகாரிகள் கையொப்பமிட்டு, தம் அரசின் மௌனத்தை அறநெறித் திவால் என்று கண்டித்த தந்தி சென்றது; பிளட் அதற்குத் தம் ஆதரவைச் சேர்த்து அனுப்பினார். விரைவில் அவர் டாக்காவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார், அவருடைய உயர்வும் தடைபட்டது. வெளியுறவுப் பணியாளர் சங்கமோ, அதே ஆண்டில், மூத்த அதிகாரிகளின் துணிவான மறுப்புக்கு வழங்கும் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் விருதை அவருக்கு அளித்தது. அரசு தண்டித்த அதிகாரியை, அவருடைய தொழில் சமூகம் பாராட்டியது.

இதற்கு முந்தைய தலைமுறையில் அத்தகைய பாதுகாப்பு இல்லாமல் போனதால் விளைந்த கேடு இன்னும் ஆழமானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவில் பணியாற்றிய ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ் முதலிய அதிகாரிகள், சியாங் கை ஷேக்கின் அரசு உள்ளுக்குள் அழுகிவருகிறது, கம்யூனிஸ்டுகள் வெல்லும் வாய்ப்பு மிகுதி என்று உள்ளதை உள்ளபடி எழுதினர். 1949-இல் அதுவே நடந்தபோது, முன்கூட்டியே சொன்னவர்கள்தாம் சீனாவை இழக்கக் காரணம் என்ற பழி அவர்கள் மேல் விழுந்தது. செனட்டர் மெக்கார்த்தி எழுப்பிய கம்யூனிச அச்சத்தின் நடுவில் சர்வீஸ் 1951-இலும் டேவிஸ் 1954-இலும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியே சர்வீஸ் 1957-இல் பணிக்குத் திரும்பினாலும், பொறுப்பான வேலை எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. ஆசியாவை அறிந்தவர்களை விரட்டியதாலும் எஞ்சியவர்கள் வாய்திறக்க அஞ்சியதாலும், அடுத்த பத்தாண்டில் வியட்நாமைப் பற்றி வாஷிங்டன் முடிவெடுத்தபோது அறையில் எதிர்ச்சொல் சொல்ல ஆசியாவை அறிந்தவர்கள் அரிதாகவே இருந்தனர். 1973 ஜனவரியில் பணியாளர் சங்கம், வெளியுறவுத் துறைக் கட்டடத்திலேயே விருந்து வைத்து அந்தச் சீன வல்லுநர்களைப் பெருமைப்படுத்தியது. இருபது ஆண்டுகள் தாமதமாக வந்த அந்த மரியாதையையும் அளித்தது அரசு அல்ல, சக அதிகாரிகளே.

ஆகவேதான் மூத்த தூதர்களின் ஆலோசனைக்கு அரசுக்கு வெளியே ஓர் இருப்பிடம் தேவைப்படுகிறது. தூதர் பதவிகளைத் தேர்தல் நிதி தந்தவர்களுக்குப் பரிசாக வழங்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தேர்தல் நன்கொடை தூதர் நியமனத்துக்குக் காரணமாகக் கூடாது என்று 1980-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. ஆயினும் இரு கட்சிகளின் ஆட்சியிலும் தூதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பணிக்கு வெளியிலிருந்தே வந்துள்ளனர், லண்டன், பாரிஸ் போன்ற தலைநகரங்கள் பெரும்பாலும் செல்வந்தர்களுக்கே போகின்றன. இதைப் பணியில் உள்ள அதிகாரி கண்டித்துப் பேசினால் அது அதிபரைக் கண்டிப்பதாகும். அகாதமி 2015-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பழக்கத்தையும், துறைக்குள் இடைநிலைப் பதவிகள் வரை அரசியல் நியமனம் ஊடுருவுவதையும் பெயர் சொல்லியே கண்டித்தது. ஆட்சியில் இருந்தது எந்தக் கட்சி என்பதை அது பொருட்படுத்தவில்லை.

இந்த மூத்தோர் அவைகளின் குறைகளையும் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் எந்தப் பணியைப் பாதுகாக்க முயல்கின்றனரோ அந்தப் பணி நெடுங்காலம் வெள்ளை ஆண்களின் பணியாகவே இருந்தது. திருமணம் செய்துகொண்ட பெண் அதிகாரி பணியை விட்டு விலக வேண்டும் என்ற வழக்கம் 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது. அதிகாரியின் மனைவி விருந்தினரை எப்படி உபசரிக்கிறார் என்பதும் அதுவரை அவருடைய பணி மதிப்பீட்டில் எழுதப்பட்டு வந்தது. பெண் அதிகாரிகளுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை எதிர்த்து ஆலிசன் பாமர் என்ற அதிகாரி 1976-இல் வழக்கு தொடுத்துப் போராடித்தான் மாற்றம் வந்தது. கறுப்பின அதிகாரிகளும் 1980-களில் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. அனுபவசாலிகளின் ஆலோசனை, அனுபவம் பெற அனுமதிக்கப்பட்டவர்களின் ஆலோசனை மட்டுமே என்பதால், குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆறு நாடுகளிலும் ஐக்கிய நாடுகள் அவையிலும் தூதராக இருந்தவரும், இந்தியாவிலும் 1990-களின் தொடக்கத்தில் பணியாற்றியவருமான தாமஸ் பிக்கரிங்கின் பெயரால் அமைந்த நல்கைத் திட்டம், வசதி குறைந்த, இதுவரை இடம்பெறாத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களை இப்பணிக்குள் கொண்டுவர உதவியிருக்கிறது. மூத்தவர் ஒருவரின் புகழை இளையோரின் நுழைவாயிலாக்கிய நல்ல முயற்சி அது.

பணத்தின் வரம்பும் தெளிவானது. ஓர் அறக்கட்டளை ஆய்வுக்கும் நல்கைக்கும் ஆவணப்படத்துக்கும் செலவிடலாம்; ஓர் அதிகாரியின் ஊதியத்தைக்கூட அது காலமெல்லாம் தர முடியாது, தரவும் கூடாது. அரசின் சார்பில் பேசுபவருக்குத் தனியார் படியளக்கும் நிலை எந்த நாட்டுக்கும் ஆபத்தானது. தூதர்களின் ஆலோசனையை ஏற்று அறக்கட்டளை தயாரித்துத் தருவது திட்டத்தை மட்டுமே, அதை நிறைவேற்றும் பொறுப்பு வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையது.

இந்தியாவுக்கும் இதில் தொடர்புள்ள வரலாறு உண்டு. இந்திய வெளியுறவுப் பணியைச் சீரமைப்பது குறித்து என்.ஆர். பிள்ளை தலைமையிலான குழு 1966-இல் அறிக்கை தந்தது. பின்னர் 1983-இல் சமர் சென் தலைமையில் இன்னொரு குழுவும் ஆராய்ந்தது. இருவரும் மூத்த ராஜதந்திரிகள், ஆனால் இரண்டும் அரசு அமைத்த குழுக்கள். அறிக்கை கொடுத்ததோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. ஓய்வுபெற்ற இந்தியத் தூதர்களின் சங்கம் வெளியிடும் இதழில் வாய்மொழி வரலாறு இடம்பெறுவது போற்றத்தக்கது. ஆயினும் ஆண்டுதோறும் இப்பணியின் தேவைகளை எண்ணிக் கணக்கிட்டு, அரசுக்கு வெளியே நின்று, நாடாளுமன்றத்தின் முன் வைப்பதற்கென்று நிலையான நிதியும் நிலையான குழுவும் கொண்ட அமைப்பு இங்கே வளரவில்லை. உலகின் மிகப் பெரிய நாடுகளில் ஒன்றுக்கு, ஆயிரம் பேர் அளவிலான அதிகாரிகளைக் கொண்ட பணி போதுமா என்ற கேள்வி நாடாளுமன்ற நிலைக்குழுவில் எழுகிறது, செய்தியாகிறது, பின் ஓய்ந்துவிடுகிறது. ஊனா காக்ஸின் சிக்கலைத் தீர்த்தது இந்திய மண்ணில் இருந்த ஓர் அதிகாரி என்றால், இந்திய அதிகாரிகளால் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிக்கலிலிருந்து மீண்ட தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களில் வசதி படைத்தவர்கள் இத்திசையில் சிந்திக்கலாம்.

அமெரிக்காவில் இப்போது நிலைமை வேறொரு கட்டத்தை அடைந்திருக்கிறது. 2025 மார்ச்சில் அதிபரின் ஆணை ஒன்று, பணியாளர் சங்கத்துக்கு இருந்த கூட்டுப் பேரப் பேச்சு உரிமையைப் பறித்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில், பன்னாட்டு வளர்ச்சி உதவி அமைப்பு தனி நிறுவனமாக இயங்குவது நிறுத்தப்பட்டு, எஞ்சிய பணிகள் வெளியுறவுத் துறைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டன. ஜூலை 11 அன்று வெளியுறவுத் துறையிலிருந்து 1,300-க்கும் மேற்பட்டோருக்குப் பணிநீக்க அறிவிப்பு தரப்பட்டது. அவர்களில் 246 பேர் வெளியுறவுப் பணி அதிகாரிகள். தனியொருவரின் திறமையையோ அவர் கற்ற மொழியையோ பார்க்காமல், அன்றைக்கு எந்த அலுவலகத்தில் அவர் அமர்ந்திருந்தார் என்பதைக் கொண்டே பட்டியல் அமைந்தது என்பது பணியாளர் சங்கத்தின் குற்றச்சாட்டு. மூன்று நாடுகளில் இருந்துவிட்டு, இரண்டு கடின மொழிகளைக் கற்று, அந்த ஆண்டு தற்செயலாக வாஷிங்டனில் ஒரு பிரிவில் இருந்தவர் அட்டைப்பெட்டியில் பொருள்களை அடுக்கிக்கொண்டு வெளியேற, வரிசையில் நின்று கைதட்டி வழியனுப்பியவர்களும் அவருடைய சகாக்களே.

2009-ஆம் ஆண்டின் ஆட்சேர்ப்பில் நுழைந்தவர்கள் இப்போது 15 ஆண்டுகளுக்கும் மேலான பணியை முடித்து, மூத்த நிலைக்கு உயரும் வாயிலில் நிற்கின்றனர். பாயட்டும் அவருடைய நண்பர்களும் ஒவ்வொரு நாற்காலியாக எண்ணிக் கேட்டு வாங்கிய தலைமுறை இது. 2040-களில் காக்ஸ் அறக்கட்டளையின் கொள்கைக் குழுவிலும் அகாதமியிலும் அமர்ந்து, அன்றைய வெளியுறவுச் செயலருக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டியவர்கள் இவர்களிலிருந்தே வர வேண்டும்.